கிரீஸ் ஊறிய பழைய வார்ப்பிரும்பைப் பவுடர் கோட்டிங்குக்குத் தயார் செய்வது எப்படி

தையல் மெஷின் கால், பழைய தராசின் அடித்தட்டு, தேயிலை ஸ்டோரில் கழற்றிப் போட்ட ரோலரின் கியர் மூடி, முச்சக்கரவண்டியின் ரிம் என்று மலையகப் பட்டறைகளுக்குப் பவுடர் கோட்டிங்குக்கு (உலர்ந்த பெயின்ற் பவுடரைத் துப்பாக்கியால் அடித்து, அடுப்பில் உருக்கிப் படியவைக்கும் பூச்சுக்கு) வருகிற சாமான்களில் அநேகமானவை ஆண்டுக்கணக்காக எண்ணெயும் கிரீஸும் குடித்தவை. மேலே துடைத்துவிட்டுப் பவுடர் அடித்தால், அடுப்பிலிருந்து எடுக்கும்போது அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக இருக்கும். அல்லது ஆணித் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கசிவு வழிந்திருக்கும். அன்றைக்கு நன்றாக வந்தாலும் மூன்று மாதத்தில் ஓடு கழன்றதுபோல உரிந்துவிடும்.

குறை பவுடரில் இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. எண்ணெய் இரும்பின் மேல் மட்டும் இல்லை என்பதுதான் காரணம். சாம்பல் வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாகப் பரந்து கிடக்கிறது. அந்தச் செதில்களின் ஓரம் பிடித்து எண்ணெய் உள்ளே இறங்குகிறது. துணியும் தின்னரும் அங்கே எட்டாது. பவுடர் உருகிப் படியும் 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் அந்த எண்ணெய் இளகி, ஆவியாகி, மேலே வருகிறது. அப்போது பவுடர் பாகுபோல இளகியிருக்கும். எண்ணெயும் காற்றும் அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: பவுடர் அடித்த பின் அடுப்பில் வெளியே வரப்போகிறதைப் பவுடர் அடிப்பதற்கு முன்பே அதே அடுப்பில் வெளியே வரவைக்க வேண்டும். கழுவுவதெல்லாம் அதற்கு முன்னேற்பாடு.

முதலில், என்ன கிரீஸ் என்று பாருங்கள்

இதைப் பலர் பார்ப்பதில்லை. ஆனால் எதை வைத்துக் கழுவுவது என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

மஞ்சள் நிறத்தில் வெண்ணெய்போல இருக்கும் பழைய கல்சியம் கிரீஸ் 100 பாகைக்குக் கிட்டவே உருகி ஓடிவிடும். அதனால் தொந்தரவு குறைவு. இன்றைக்குக் கராஜ்களில் பாவிக்கிற லிதியம் கிரீஸ் 180 முதல் 200 பாகை வரையில்தான் சொட்டத் தொடங்கும். இந்த எண்ணைக் கவனியுங்கள்: பவுடர் வேகிற சூடும் அதுதான். பெயாரிங் குழிக்குள் ஒரு பயறு அளவு லிதியம் கிரீஸ் தங்கியிருந்தாலும், சாமானைக் காய வைக்கிற 110 பாகையில் அது அசையாமல் இருந்துவிட்டு, பவுடர் உருகுகிற நேரம் பார்த்து வழியும். களிமண் கலந்த கிரீஸ் வகை ஒன்றும் உண்டு. அது உருகவே உருகாது, கரியாகி ஒட்டிக்கொள்ளும். அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கிராஃபைட் கலந்த கரும் கிரீஸில் எண்ணெய் போன பிறகும் கறுப்புத் தூள் எஞ்சும். விரலால் தேய்த்தால் பென்சில் கரிபோல வரும். அதன்மேல் பவுடர் பிடிக்காது.

தேங்காய் எண்ணெய் போட்டு ஓட்டிய தையல் மெஷின்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் அது பெரும்பாலும் உறைந்த நிலையில்தான் இரும்போடு ஒட்டியிருக்கும், தூசியோடு சேர்ந்து பிசினாகவும் ஆகியிருக்கும். பச்சைத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆனால் சூடான காரத் தண்ணீரில் (கோஸ்டிக் சோடாவோ சலவைச் சோடாவோ கரைத்த நீரில்) அது சவர்க்காரமாகவே மாறிக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய பழைய எஞ்சின் ஒயில் அப்படி மாறாது. அது மண்ணிலிருந்து எடுத்த எண்ணெய். கோஸ்டிக் சோடா எத்தனை போட்டாலும் அது சவர்க்காரம் ஆகாது. அதைப் பிரித்து நீரில் கலக்கப் பாத்திரம் கழுவும் திரவம்போல ஒன்று கூடவே வேண்டும். "கோஸ்டிக்கில் போட்டேன், எண்ணெய் போகவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

எல்லாவற்றிலும் மோசமானது சிலிக்கோன். முச்சக்கரவண்டிகளின் டயருக்கும் டாஷ்போர்டுக்கும் பளபளப்பு ஏற்றுகிற ஸ்பிரேக்களில் அது இருக்கிறது. ரிம்மில் துளி பட்டிருந்தாலும் பவுடர் வட்ட வட்டமாக விலகி நிற்கும். அடுப்புச் சூட்டிலும் அது லேசில் போகாது. அப்படிப்பட்ட ரிம்மைக் கழுவிய மண்ணெண்ணெயில் வேறு சாமானைப் போடாதீர்கள். பட்டறைக்குள் சிலிக்கோன் ஸ்பிரேயைத் திறக்கவும் வேண்டாம். காற்றில் பறந்து வருகிற அளவே அடுத்த சாமானைக் கெடுக்கப் போதும்.

கழற்றுதல்

கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பெயாரிங், ஒயில் சீல், ரப்பர், பிளாஸ்டிக், ஸ்பிரிங். சும்மா ஒட்டியிருக்கட்டும் என்று விடக்கூடாத ஒன்று பித்தளை நிறத்தில் இருக்கும் புஷ். தூளை அழுத்திச் செய்த வெண்கலப் புஷ்களின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். பஞ்சுபோல உறிஞ்சி வைத்திருக்கும். தையல் மெஷினிலும் சிறு மோட்டர்களிலும் இவை இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் சூடு பட்டதும் மறுபடி கசியும். தட்டி எடுத்துவிடுங்கள், வேலை முடிந்த பின் புதிதாகப் போடுங்கள்.

இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று ரிவெட் அடித்த இடம், மடித்த விளிம்பு, சுற்றிலும் வெல்ட் பண்ணாமல் பொட்டு வைத்து ஒட்டிய மூட்டு ஆகியவை எண்ணெய் ஒளிகிற இடங்கள். அவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுப்பில் அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இரண்டு முனையும் அடைத்த குழாய் இருந்தால், கண்ணில் படாத பக்கத்தில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். உள்ளே தண்ணீர் அடைபட்ட குழாய் அடுப்பில் வெடிக்கக்கூடியது.

அடுத்து காந்தம். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ துத்தநாக வார்ப்பாகவோ இருக்கலாம், அவற்றுக்கு வழி வேறு. அதைக் கடைசியில் சொல்கிறோம். கோஸ்டிக் சோடாவில் அலுமினியம் விழுந்தால் நுரைத்துப் பொங்கி ஹைதரசன் வாயுவை விடும், சாமானும் கரையும். இந்தக் காந்தச் சோதனைக்குப் பத்து விநாடி போதும், தவிர்க்க வேண்டாம்.

ஸ்டோர்களிலிருந்து வருகிற பழைய மெஷின் பாகங்களில் பல அடுக்குப் பச்சைப் பெயின்ற் இருக்கும். பழைய பெயின்ற்களில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், தீயால் கருக்கவும் வேண்டாம். காரத் தண்ணீரில் ஊறும்போது அது தோலாகக் கழன்றுவரும். இன்னொன்று: இலை படுகிற பாகங்களை, ரோலர் மேசையையோ தட்டுகளையோ, பவுடர் கோட் பண்ணக்கூடாது. கால், சட்டம், மூடி ஆகியவற்றோடு நிறுத்துங்கள்.

சுரண்டல், மண்ணெண்ணெய்

தடித்த கிரீஸை எந்தத் திரவத்திலும் போடுவதற்கு முன் கையால் எடுங்கள். பழைய ஹெக்சோ பிளேட், மூங்கில் சிம்பு, மூலைகளுக்குப் பழைய பல் பிரஷ் போதும். சுரண்டாமல் ஊற வைத்தால் மண்ணெண்ணெய் அரை மணியில் சேறாகிவிடும், காசும் வீண்.

மண்ணெண்ணெய்க்கு இரண்டு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் பழைய மண்ணெண்ணெய், இரண்டாவதில் தெளிந்தது. 5 லீற்றர் அளவு தகர டின் இரண்டு இருந்தால் தையல் மெஷின் கால் ஒன்றைப் பகுதி பகுதியாகக் கழுவலாம். முதலாவதில் இரவு முழுதும் ஊறட்டும். காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டாவதில் அலசி, சாய்த்து வடியவிடுங்கள். துளைகளுக்குள் சிரிஞ்சால் பீய்ச்சுங்கள்.

குளிரில் கிரீஸ் இறுகியிருப்பதால் சிலர் மண்ணெண்ணெய் டின்னை அடுப்பில் வைக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் 38 பாகையைத் தாண்டினாலே தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. சூடாக்க வேண்டியது சாமானை. வாளியில் கொதிநீர் ஊற்றிச் சாமானை 15 நிமிடம் வைத்து, எடுத்துத் துடைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு குளிர்ந்த மண்ணெண்ணெயில் போடுங்கள். பெற்றோலில் கழுவுவதை எக்காரணத்தைக் கொண்டும் செய்யாதீர்கள். மலைக் குளிரிலும் அதன் ஆவி தரையோடு ஊர்ந்து போய், பக்கத்து அறையில் எரிகிற விறகு அடுப்பைத் தேடிப் பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரும் வேண்டாம். மிச்சம் தங்கி அடுப்புச் சூடு பட்டால் நச்சு வாயு உண்டாகும்.

மண்ணெண்ணெயோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. மண்ணெண்ணெய் காய்ந்தாலும் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். கிரீஸை அது போக்கும். அது விட்டுப்போகிற படலத்தைப் போக்கக் காரத் தண்ணீர் வேண்டும்.

காரத் தண்ணீர்

இரும்புக்கும் வார்ப்பிரும்புக்கும் மட்டும்: 10 லீற்றர் தண்ணீருக்கு 300 கிராம் கோஸ்டிக் சோடா, 40 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவம். எண்ணெய் குறைவாக இருந்தால் கோஸ்டிக்குக்குப் பதில் சலவைச் சோடா 400 கிராம் போடுங்கள். நேரம் கூடும், ஆனால் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து குறைவு. வீட்டோடு சேர்ந்த பட்டறை, பிள்ளைகள் ஓடி விளையாடுகிற லயத்து வாசல் என்றால் சலவைச் சோடாவையே வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புப் பீப்பாயைப் பாதியாக அறுத்தது இதற்குத் தோதானது. அலுமினியச் சட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் கூடாது, இரண்டையும் கோஸ்டிக் அரிக்கும். முதலில் குளிர்ந்த தண்ணீர், அதற்குள் சோடாவைக் கொஞ்சங் கொஞ்சமாக. சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போதே தண்ணீர் சூடாகும். கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் ஏப்ரன், மூடிய சப்பாத்து இல்லாமல் கிட்டே போகாதீர்கள். தோலில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அதே தண்ணீர், அதோடு உடனே வைத்தியசாலை.

70 முதல் 80 பாகைச் சூட்டில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். இரும்புக் கொக்கியால் இடையிடையே புரட்டுங்கள். எண்ணெய் மேலே வந்து மிதக்கும். சாமானை எடுப்பதற்கு முன் அந்த எண்ணெயை அகப்பையால் வழித்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுத்தமான சாமான் மேலே வரும்போது அந்தப் படலத்தைக் கடந்து வரும், எண்ணெய் முழுவதையும் மறுபடி போர்த்திக்கொண்டு வரும். இந்தச் சின்ன விசயம் தெரியாமல் ஒரே சாமானை நான்கு தரம் அவிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு அலசல். முதலில் சுடுநீர், அடுத்து ஓடுகிற தண்ணீர். பீலித் தண்ணீர் (மலையூற்றிலிருந்து வந்து விழுகிற நீர்) இருக்கிறவர்களுக்கு இது வசதி. ஆனால் குடிக்க எடுக்கிற பீலிக்குக் கீழே, கழுவின நீர் கானிலோ ஓடையிலோ கலக்காத இடத்தில் செய்யுங்கள். ஆணித் துளை, மடிப்பு எல்லாவற்றிலும் நீர் பாயட்டும். காரம் மிஞ்சினால் பவுடருக்கு அடியில் ஈரத்தை இழுத்து மாதக் கணக்கில் கொப்புளம் விடும்.

காரம் போய்விட்டதா என்று பார்க்க வெள்ளைத் துணியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் குழைத்துக் காயவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அலசிய சாமானின் மூலையிலிருந்து சொட்டும் நீரை அதில் விடுங்கள். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் குங்குமமாவதுபோலச் சிவந்தால் காரம் மிச்சம் இருக்கிறது. மஞ்சளாகவே இருந்தால் போதும். பக்கத்தில் வெறும் பீலித் தண்ணீரையும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிடுங்கள்.

அந்த ஈரத்தோடேயே இன்னொரு சோதனை: சாமானை நிமிர்த்திப் பிடித்தால் தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே தாளாக விரிந்து அரை நிமிடமாவது நிற்க வேண்டும். சேம்பிலையில்போல முத்து முத்தாக ஓடுகிற இடத்தில் எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தைச் சோக்கால் வட்டமிட்டு மறுபடி காரத் தண்ணீருக்கு அனுப்புங்கள். பாத்திரம் கழுவும் திரவம் சரியாக அலசப்படாவிட்டாலும் நீர் விரிந்து நின்று உங்களை ஏமாற்றும். அதனால் அலசலை முடித்த பிறகே இந்தச் சோதனை.

காய வைத்தல்

காரத்திலிருந்து வந்த இரும்பு நிர்வாணமான இரும்பு. ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் தென்மேற்குப் பருவ மழையில், மே முதல் செப்ரெம்பர் வரை, பத்து நிமிடத்திலேயே மஞ்சள் துரு பூக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் மார்கழி, தை மழையில் இதே கதை. வெயிலை நம்ப வேண்டாம். ஊதி, துடைத்து, நேரே அடுப்பில் 110 முதல் 120 பாகையில் 20 நிமிடம்.

ஊதுகிற காற்றையும் சோதியுங்கள். கொம்பிரசர் தொட்டியில் தண்ணீரும் எண்ணெயும் சேரும். ஒரு வெள்ளைத் தாளில் 10 விநாடி ஊதிப் பாருங்கள். புள்ளி விழுந்தால் தொட்டியைத் திறந்து வடியவிட்டு, வடிகட்டியை மாற்றுங்கள். அத்தனை பாடுபட்டுப் போக்கிய எண்ணெயைக் கொம்பிரசரே திரும்பப் பூசிவிடும்.

சுட்டு எடுத்தல்

இதுதான் முக்கியமான கட்டம். வார்ப்பிரும்பாக இருந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது.

பவுடரை 200 பாகையில் வேகவைக்கப் போகிறீர்கள் என்றால், வெறும் சாமானை 220 முதல் 230 பாகையில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். அடுப்பின் காற்று அந்தச் சூட்டை எட்டினால் போதாது, இரும்பே எட்ட வேண்டும். அதிலிருந்துதான் நேரத்தை எண்ண வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புள்ள வார்ப்பு அந்தச் சூட்டுக்கு வர முக்கால் மணிக்கு மேலும் எடுக்கலாம். மெதுவாக ஏற்றுங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருக்கிற தையல் மெஷின் கால் போன்ற வார்ப்பு, சட்டென்று சூடேறினால் வெடிப்பு விடும். விறகுத் தீயில் போட்டு எரிப்பதும் சூட்டோடு தண்ணீர் ஊற்றுவதும் அதே காரணத்தால் கூடாது. 240 பாகையைத் தாண்டவும் வேண்டாம். அதற்கு மேலே போகப் போக எண்ணெய் ஆவி தானாகவே பற்றும் சூட்டை நெருங்குகிறோம்.

சூட்டை அளக்கிற கருவியைக் கொதிநீரில் சரிபார்க்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும். நுவரெலியாவில் கொதிநீர் 94 பாகைதான் காட்ட வேண்டும், ஹட்டனில் 96க்குச் சற்றுக் கீழே. அதை 100 என்று திருத்தி வைத்தால் அடுப்பின் கணக்கு முழுதும் பிசகிவிடும். தூரத்திலிருந்து சுட்டிப் பார்க்கிற அகச்சிவப்புக் கருவி, பளபளக்கும் உலோகத்தில் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். துளைக்குள் செருகுகிற கம்பி வகைக் கருவியே நம்பகமானது.

சாமானைத் தொங்கவிடுங்கள், துளைகளும் குறித்து வைத்த மூட்டுகளும் கீழே பார்க்கட்டும். அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள். புகை வரும், தொண்டையை அடைக்கும். அடுப்பின் புகைபோக்கி வெளியே போக வேண்டும். தின்னரோ மண்ணெண்ணெயோ காயாத சாமானை அடுப்புக்குள் வைக்காதீர்கள், மூடிய அடுப்பில் அந்த ஆவி வெடிக்கும். சமையல் செய்கிற ஓவனை ஒருமுறை இதற்குப் பாவித்தால் பிறகு சமையலுக்கு எடுக்கக்கூடாது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்துப் பாருங்கள். ஈரம் பட்டதுபோலக் கறுத்த திட்டு, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம், அரக்குபோல ஒட்டிய கோடு எதுவானாலும் உள்ளிருந்து வந்ததுதான். ஆறவிட்டு, கம்பிப் பிரஷால் தேய்த்து, அசற்றோனில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி சுடுங்கள். புதிய திட்டு வராத வரைக்கும் இந்தச் சுற்றை நிறுத்தக்கூடாது. தையல் மெஷின் காலுக்கு இரண்டு சுற்று பெரும்பாலும் போதும். எண்ணெயிலேயே ஓடின கியர்ப் பெட்டி மூடிக்கு மூன்று, நான்குகூட எடுக்கும். மூன்றாவது சுற்றில் அலுத்துப்போய்ப் பவுடர் அடித்துவிடுகிறவர்கள்தான் முழுவதையும் உரித்துத் திரும்பச் செய்கிறவர்கள்.

மண் அடித்தல்

கார்னெட் போன்ற கூரான மணலால் 4 முதல் 5 பார் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடித்தால் பவுடர் பிடிக்க நல்ல சொரசொரப்பு கிடைக்கும். இது சுட்ட பிறகுதான். எண்ணெயோடு அடித்தால் மணல் அந்த எண்ணெயை இரும்புக்குள் இடித்து இறக்கும், மணலும் கெட்டு அடுத்து வருகிற சாமான்களுக்கெல்லாம் எண்ணெய் பூசும். ஆற்று மணலை இதற்கு எடுக்காதீர்கள். அதன் நுண்தூசி நுரையீரலை மீளமுடியாதபடி கெடுக்கும். மண் அடிக்க வசதியில்லாவிட்டால் கம்பிப் பிரஷும் 80 முதல் 120 இலக்க உப்புத்தாளும் போதும், உழைப்புத்தான் அதிகம். அடித்த பின் புதுத் துவாரங்கள் திறந்திருக்கும் என்பதால் இன்னொரு 30 நிமிடம் சுட்டுப் பார்ப்பது நல்லது.

இதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. கைரேகையிலுள்ள எண்ணெயே குழி விடப் போதுமானது. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு நெற்றியை வழித்த கையைச் சொல்லவே வேண்டாம். உட்புறம் மாவுப் பவுடர் தூவாத நைற்றைல் ரப்பர் கையுறை போடுங்கள். கடைசித் துடைப்புக்கு இரண்டு துணி: ஒன்று அசற்றோனில் நனைத்தது, மற்றது உலர்ந்தது. நனைந்த துணியால் ஒரு சாண் இடத்தைத் துடைத்த உடனே, அசற்றோன் காய்வதற்குள், உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே திரும்பப் படிந்துவிடும். வெள்ளைப் பருத்தித் துணியே வேண்டும், அழுக்கு தெரிய வேண்டுமே. சலவைக்கு வாசனைத் திரவம் போட்ட துணி, பழைய பனியன் கழிவு இரண்டும் வேண்டாம்.

அசற்றோன் முழுதும் பறந்த பிறகு சாமானை இளஞ்சூடாக, 40 முதல் 50 பாகையில், வைத்துப் பவுடர் அடியுங்கள். இளஞ்சூட்டில் மூடுபனியின் ஈரம் அதன்மேல் படியாது. மழை நாளில் ஒரு மணி நேரத்துக்குள், உலர்ந்த நாளில் நான்கு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக அடிக்காதீர்கள். 60 முதல் 80 மைக்ரோன் போதும். தடித்த படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேற முடியாத காற்று கொப்புளமாகவே நின்றுவிடும். காற்று போக இடம்விடும் பவுடர்கள் கடைகளில் கிடைக்கின்றன. வார்ப்பிரும்பு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அலுமினியமும் துத்தநாக வார்ப்பும்

மண்ணெண்ணெய் வரை எல்லாம் ஒன்றுதான். பிறகு 55 முதல் 60 பாகைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் மட்டும் போட்டு 15 நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். கோஸ்டிக் எந்த அளவிலும் கூடாது, சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். துத்தநாக வார்ப்பு அதிகச் சூட்டில் தானே கொப்பளிக்கும். 180 பாகையில் வேகும் பவுடரை எடுத்து, முதல் சுடுதலை 190இல் நிறுத்துங்கள். அலுமினிய ரிம்கள் பலவற்றின் பலம், செய்யும்போதே சூடேற்றி ஆற்றிப் பலப்படுத்துகிற வெப்பப் பதனில்தான் இருக்கிறது. 200 பாகையில் நெடுநேரம் கிடந்தால் அந்தப் பலம் குறையும். மலைப் பாதையில் ஆட்களை ஏற்றி ஓடுகிற வண்டியின் ரிம் அது. சுட்டு எடுத்தலை அதற்குச் செய்ய வேண்டாம். கழுவலையும் துடைப்பையும் இரட்டிப்பாக்குங்கள், இல்லையேல் சாதாரண பெயின்றோடு விட்டுவிடுங்கள்.

பிழையாகிப்போனால்

குழி வட்டமாக இருந்து, நடுவில் வெறும் இரும்பு தெரிந்தால் மேற்பரப்பில் எண்ணெய் அல்லது சிலிக்கோன். ஊசி குத்தியதுபோல நுண்துளைகள் கூட்டமாக இருந்தால் உள்ளிருந்து வந்த காற்று, சுட்டது போதவில்லை. ஆணித் துளையிலிருந்து வால் விட்டதுபோலக் கறை இறங்கினால் லிதியம் கிரீஸ். நகத்தால் கீறும்போது தாளாக உரிந்தால் மண்ணெண்ணெய்ப் படலமோ மிச்சக் காரமோ முழுப் பரப்பிலும் இருந்திருக்கிறது. முதல் இரண்டிலும் மேலே இன்னொரு பூச்சு அடித்து மறைக்கத் தோன்றும். மறையாது, அதே இடத்தில் அதே குழி மறுபடி விழும். அந்தப் பகுதியை இரும்பு தெரியத் தேய்த்து, சுட்டு, துடைத்து, அடியுங்கள். மூன்றாவதும் நான்காவதும் என்றால் முழுவதையும் உரித்து ஆரம்பத்திலிருந்து வர வேண்டியதுதான்.

மிஞ்சும் எண்ணெய்

முதல் டின் மண்ணெண்ணெயை மூன்று நாள் அசையாமல் வைத்தால் சேறு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வேறு போத்தலில் வடித்து அடுத்த தடவை முதல் கழுவலுக்கு எடுக்கலாம். காரத் தண்ணீரையும் எண்ணெய் வழித்து எடுத்துவிட்டு, மூடிபோட்ட பிளாஸ்டிக் கேனில் பெயர் எழுதி வைத்துப் பல தடவை பாவிக்கலாம். குறைந்த அளவுக்குச் சோடா சேர்த்தால் போதும். அடிச் சேறு, பழைய பெயின்ற் தோல், பாவிக்க முடியாத காரத் தண்ணீர் எல்லாம் தனித்தனிக் கேன்களில் போய், பழைய ஒயில் சேர்க்கிற இடத்தில் கேட்டுக் கொடுக்கப்பட வேண்டும். கானில் ஊற்றினால் அது ஓடையில் இறங்கும். இந்த மலைகளின் ஓடைகள்தான் மகாவலியாகவும் களனியாகவும் போகின்றன. அதற்கு முன்பே அடுத்த லயத்தின் பீலியில் அது கொட்டும். எண்ணெய்த் துணிகளைக் குவித்து வைக்காமல் மூடியுள்ள தகர டின்னில் போட்டு, அடுப்புக்குத் தூரமாக வெளியே வையுங்கள்.